சிவந்த உப்பு வந்த வழி

(நைனார்பாளையம் வாசகர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைய விஷயம், சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்து தனித்த பெலாரஸ் என்னும் தேசத்துக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் உள்ள ராஜீய உறவும் வர்த்தக உறவும். துண்டுப்பிரசுரத்தில் இதைப் படித்த நண்பர் ஒருவர் நேற்று மாலை டீக்கடையில் என்னை வழிமறித்து, "ஏனுங்க ஐயா, சின்னசேலம் வட்டத்துக்குள்ள பேசறதுக்கு விஷயம் தீர்ந்துபோச்சா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெலாரஸின் மின்ஸ்க் நகரத்து அரண்மனையில் ஒருவர் கோபித்துக்கொண்டால் நைனார்பாளையத்துக்கு என்ன? பிரஸ்ஸல்ஸ் நகரத்து மண்டபத்தில் இருபத்தேழு தேசத்து மந்திரிகள் கூடிக் கையெழுத்திட்டால் நம் கொல்லைக்கு என்ன?

அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை நான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இதோ, இந்தச் சாக்கு. பொட்டாஷ் வந்த ஐம்பது கிலோ சாக்கு. 2022 அக்டோபருக்குப் பிறகு 'ஒரே நாடு, ஒரே உரம்' என்ற திட்டத்தின்படி மானிய உரச் சாக்குகளிலெல்லாம் பெரிய எழுத்தில் 'பாரத்' என்று அச்சாகிறது. இது அதற்கும் முந்தியது. உள்ளே இருந்தது அன்றும் பாரத தேசத்துச் சரக்கல்ல, இன்றும் அல்ல. சாக்கின் அடிப்பகுதியில், மாடு மிதித்துப் பாதி அழிந்துபோன சிறிய எழுத்தில், உற்பத்தி நாட்டின் பெயர் இருக்கிறது. பெலாரஸ் என்று.

பொட்டாஷைக் கையில் அள்ளிப் பார்க்காதவர் இந்தச் சபையில் இருக்க மாட்டார். செங்கல்லை உடைத்துத் தூவியதுபோலச் சிவந்த பரல். ஈரக் கையில் பட்டால் பிசுபிசுக்கும். நாக்கில் வைத்தால் உப்போடு ஒரு கசப்பு. அந்தச் சிவப்பு சாயமல்ல. இரும்புத் துரு கலந்த பாறையின் பிறவி நிறம். நம் பக்கத்தில் இதை அதிகம் கேட்கும் பயிர் எது? குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இறவை மரவள்ளிக்கு ஹெக்டேருக்கு 240 கிலோ சாம்பல்சத்து வேண்டும், பாதியை அடியுரமாகவும் பாதியைத் தொண்ணூறாம் நாளிலும் இட வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். பொட்டாஷில் நூற்றுக்கு அறுபது பங்குதான் சத்து. ஆகவே 240 கிலோ சத்துக்கு 400 கிலோ உரம், அதாவது எட்டு மூட்டை. ஏக்கருக்கு மூன்று மூட்டையும் சொச்சமும்.

இலையில் உண்டாகும் சர்க்கரையைக் கிழங்குக்கு இறக்கி மாவாகச் சேர்க்கும் காரியத்துக்குச் சாம்பல்சத்து வேண்டும். அது குறைந்தால் இலையோரம் தீய்ந்ததுபோல் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் உண்மையான தண்டனை அங்கே இல்லை, சேகோ ஆலையின் எடைமேடையருகே இருக்கிறது. டிராக்டரில் கிழங்கை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினால், ஆலைக்காரர் முதலில் டன்னைக் கேட்பாரா, பாயிண்டைக் கேட்பாரா? பாயிண்டைத்தான் கேட்பார். கிழங்கின் மாவுச்சத்தை அளந்து பாயிண்ட் போட்டு, அந்தப் பாயிண்டைக் கொண்டு விலை சொல்வார். எடை ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு பாயிண்ட் குறைந்த குடியானவன் முகம் எப்படி இருக்கும் என்பதை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. அந்தப் பாயிண்டின் ஒரு பங்கு இந்தச் சாக்கில் வந்தது. இந்தச் சாக்கு வந்த வழியைத்தான் இன்று உங்களோடு நடந்து பார்க்கப் போகிறேன்.

மின்ஸ்க் நகருக்குத் தெற்கே சோலிகோர்ஸ்க் என்று ஓர் ஊர். 'சோல்' என்றால் அவர்கள் பாஷையில் உப்பு. உப்பூர் என்று நாம் பெயரிட்டுக் கொள்ளலாம். 1958-ல் சுரங்கத்துக்காகவே பிறந்த ஊர் அது. ஏறத்தாழ முப்பத்தேழு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே சமுத்திரம் இருந்து, வற்றி, மரக்காணத்து உப்பளத்தில் பாத்தி வற்றுவதுபோலப் படிவம் படிவமாக உப்பை விட்டுச் சென்றது. அந்தப் படிவம் இன்று தரைக்குப் பல நூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. வெட்டி மேலே கொண்டுவருகிற பாறையில் பெரும்பகுதி சாதாரண உப்பு. அதைப் பிரித்துக் கொட்டிக் கொட்டி ஊரைச் சுற்றி மலைகளே எழுந்துவிட்டன. நம் ஊரிலிருந்து மேற்கும் வடக்கும் பார்த்தால் கல்வராயன் மலை நீலமாகத் தெரிகிறதல்லவா, அந்த ஊர்க் குழந்தை சன்னலைத் திறந்தால் தாத்தா வெட்டிக் கொட்டிய மலை சாம்பலும் சிவப்புமாகத் தெரியும். உலகத்துப் பொட்டாஷில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு ஊரைச் சுற்றிய சுரங்கங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது.

இவ்வளவு செல்வமும் இருந்து ஒன்று மட்டும் இல்லை. கடல் இல்லை! சமுத்திரம் விட்டுச்சென்ற உப்பை விற்பதற்கு அந்தத் தேசத்துக்கு ஒரு முழம் கடற்கரை கிடையாது. அகல உழுதவனுக்கு வண்டிப்பாதை பக்கத்துக் கொல்லைக்காரன் வரப்பின்மேல் என்றால் அவன் பாடு என்ன ஆகும்? பக்கத்துக் கொல்லைக்காரன் சிரித்தால் நெல் வீடு வந்து சேரும். முகம் கோணினால் களத்திலேயே நனையும். பெலாரஸின் சரித்திரத்தை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

அந்தப் பக்கத்துக் கொல்லைக்காரர் லிதுவேனியா. பால்டிக் கடற்கரையில், குளிர்காலத்திலும் உறையாத கிளைப்பெடா துறைமுகம் அவர்களுடையது. சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்கு 600 கிலோமீட்டருக்குக் குறையாத ரயில்பாதை. அந்தப் பாதையில் சோவியத் காலத்தில் வண்டி ஓடியபோது எல்லை என்று ஒன்று இருந்ததா? இல்லை. சுரங்கமும் தண்டவாளமும் துறைமுகமும் ஒரே ராஜ்யத்தினுடையவை. 1990 மார்ச் 11-ல் லிதுவேனியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. 1991 ஆகஸ்டில் பெலாரஸ் செய்தது. அதே ஆண்டு டிசம்பர் 8-ல், பெலாரஸின் பெலவேழா காட்டுக்குள் ஒரு வேட்டை மாளிகையில் ருஷ்யா, உக்ரைன், பெலாரஸ் மூன்றின் தலைவர்களும் கூடிச் சோவியத் ஒன்றியம் முடிந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் வீட்டை அளப்பார்கள், கிணற்றை அளப்பார்கள்; வண்டிப்பாதையை மட்டும், 'நமக்குள்ளே என்ன' என்று பத்திரத்தில் ஏற்றாமல் விட்டுவிடுவார்கள். பேரன் காலத்தில் அதுவே வழக்காகும். 2004 மே முதல் நாள் லிதுவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, பழைய வீட்டின் நடுக்கூடத்தில் ஓடிய அந்தத் தண்டவாளம், இருவேறு உலகங்களின் எல்லையைக் கடக்கும் சர்வதேசப் பாதையாகிவிட்டது.

இனி, அந்த ஒன்றியத்துக்கும் பெலாரஸுக்கும் இருந்த உறவைச் சொல்ல வேண்டும். நிச்சயதாம்பூலம் மாற்றிக்கொண்ட பிறகு முகூர்த்தத்தை வருஷத்துக்கு வருஷம் தள்ளிப்போட்ட சம்பந்தங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். இரு வீட்டாரும் சண்டையிட்டுக் கொள்வதில்லை, ஆனால் பந்தக்கால் நடப்படுவதுமில்லை. 1995-ல் கூட்டுறவு ஒப்பந்தம் ஒன்றில் இரு தரப்பும் கையெழுத்திட்டன. முந்தின வருஷம் பெலாரஸின் ஜனாதிபதியான லூகஷென்கோ, 1996-ல் ஒரு வாக்கெடுப்பு நடத்தி அதிகாரத்தைத் தம் கைக்குள் திரட்டிக்கொண்டார்; அந்த ஒப்பந்தம் அங்கீகாரம் பெறாமல் இன்றுவரை அலமாரியில் உறங்குகிறது. தொழிற்சங்க உரிமைகளை மதிக்கவில்லை என்று 2007-ல் ஒன்றியம் வரிச்சலுகையைப் பறித்தது. 2009-ல் 'கிழக்குக் கூட்டாண்மை' என்று ஆறு தேசங்களை அழைத்துப் பந்தி போட்டபோது பெலாரஸுக்கும் ஓர் இலை போட்டது. உக்ரைன் சண்டைக்கு மின்ஸ்க்கில் சமாதானப் பேச்சு நடந்த பிறகு, 2016-ல் தடைகள் பெரும்பாலும் நீங்கின. 2020 ஜூலை முதல் நாள் விசாவை எளிதாக்கும் உடன்பாடுகூட அமலுக்கு வந்தது. சரி, இந்தத் தடவை முகூர்த்தம் வந்துவிடும் என்று பலர் நினைத்தார்கள்.

நாற்பது நாள்கூடத் தாங்கவில்லை. 2020 ஆகஸ்ட் 9-ல் ஜனாதிபதித் தேர்தல்; முடிவை ஜனங்கள் ஒப்பவில்லை; மின்ஸ்க் வீதிகளில் ஜனசமுத்திரம் திரண்டது; சிறைகள் நிரம்பின. ஐரோப்பிய ஒன்றியம் அந்த முடிவை ஏற்க மறுத்தது. அடுத்த ஆண்டு மே 23-ல், ஏதென்ஸிலிருந்து லிதுவேனியாவின் வில்னியஸுக்குப் பறந்துகொண்டிருந்த பிரயாணிகள் விமானத்தை வெடிகுண்டுப் பயம் சொல்லி மின்ஸ்க்கில் இறக்கி, அதிலிருந்த எதிரணிப் பத்திரிகையாளர் ஒருவரைக் கைது செய்தார்கள். அண்டை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பறவையைக் கவண் வீசி இறக்கிய கதைதான். ஒன்றியம் இனிப் பொறுப்பதில்லை என்று எழுந்தது. 2021 ஜூன் 24-ல் பொருளாதாரத் தடை வந்தது. நான்கு நாள் கழித்து, கிழக்குக் கூட்டாண்மையின் இலையை மடித்துவிட்டு பெலாரஸ் எழுந்துவிட்டது.

இந்த இடத்தில் சற்று நின்று, அந்தத் தடைச் சட்டத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு அதில் ஒரு ரசம் உண்டு. பொட்டாஷைத் தடை செய்தார்கள். எந்தப் பொட்டாஷை? நூற்றுக்கு நாற்பதும் அதற்குக் கீழும் சத்துள்ளது தடை. அறுபத்திரண்டுக்கு மேல் சத்துள்ளது தடை. இடைப்பட்டதற்குத் தடையில்லை. உலகம் முழுவதும் வாங்குவது எது? நம் சங்கத்துக் கிடங்குக்கு வருவது எது? அறுபது! மீன்பிடிக்கத் தடை என்று சொல்லி, அயிரையும் திமிங்கிலமும் பிடிக்கக் கூடாது, மற்றவற்றைப் பிடிக்கலாம் என்றதுபோலச் சட்டம் எழுதினார்கள். கோபம் மெய், ஆனால் ஐரோப்பியக் குடியானவனுக்கும் உரம் வேண்டும், கிளைப்பெடா துறைமுகத்துக்கும் வண்டிக் கூலி வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி டன் பொட்டாஷ் அந்தத் துறையில் ஏறியதென்றால், அந்தக் கூலியை லேசாகவா விடுவார்கள்?

உண்மையான பூட்டு கடல் கடந்து வந்தது. அமெரிக்கா, பெலாரஸின் பொட்டாஷ் நிறுவனத்தின் மேல் 2021 ஆகஸ்டில் தடை விதித்து, டிசம்பர் 8 வரை தவணை கொடுத்தது. டிசம்பர் 8 கடந்தது, ரயில் நிற்கவில்லை. அந்த நிறுவனம் லிதுவேனிய ரயிலுக்குக் கூலியை முன்பணமாகவே கட்டிவிட்டதாம், ரயில் ஒப்பந்தம் உயிரோடிருக்கிறதாம். தடையை எல்லோருக்கும் முன்னால் நின்று கேட்ட தேசமே லிதுவேனியா. அதன் தண்டவாளத்திலேயே சிவந்த உப்பு ஓடிக்கொண்டிருந்தது! ஊர் சிரித்தது. வெளியுறவு மந்திரி ராஜிநாமா செய்ய முன்வந்தார், பிரதமர் ஏற்கவில்லை. ஜனவரியில் அந்த ஒப்பந்தம் தேசப் பாதுகாப்புக்கு விரோதம் என்று தீர்மானித்து, 2022 பிப்ரவரி முதல் நாள் பாதையை அடைத்தார்கள். அம்மாதம் 24-ல் ருஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்தது. பெலாரஸ் அதற்குத் தன் மண்ணைத் திறந்துவிட்டது. மார்ச் தொடக்கத்தில் ஒன்றியம் எல்லாத் தரத்துப் பொட்டாஷையும் தடை செய்தது. அயிரைக்கும் திமிங்கிலத்துக்கும் இடைப்பட்ட மீனும் அன்று அகப்பட்டது.

இப்போது நைனார்பாளையத்துக்கு வருவோம். இந்தியா தனக்கு வேண்டிய பொட்டாஷ் முழுவதையும் வெளியிலிருந்தே வாங்குகிறது. நம் தேசத்தில் அதற்கு இயங்கும் சுரங்கம் ஒன்றுகூட இல்லை. நமக்காக வெளிநாட்டோடு பேரம் பேசுவதில் முதன்மையான இந்தியன் பொட்டாஷ் நிறுவனத்தின் தலைமையிடம் நம் சென்னைதான். 2021 ஜனவரியில் அந்நிறுவனம் பெலாரஸோடு பேசி முடித்த விலை டன்னுக்கு 247 டாலர். உலகத்தில் அந்த வருஷத்துக்கு விலை நிர்ணயித்த பேரம் அதுதான்; இவ்வளவு மலிவாகவா விற்பது என்று மற்ற தேசத்து வியாபாரிகள் கோபித்துக்கொண்டார்கள். 2022-ல் இஸ்ரேலோடும் கனடாவோடும் முடித்த விலை எவ்வளவு? 590 டாலர். ஒரே வருஷத்தில் இரண்டு மடங்குக்கும் மேல்!

மூட்டை ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்றது 1,700 ஆயிற்று. அதுவும் சர்க்கார் மானியத்தைக் கழித்த பிறகு. 2022 காரிப் பருவத்துக்குக் கிலோ சத்துக்கு 25 ரூபாய் 31 காசு மானியம். ஐம்பது கிலோ மூட்டையில் சத்து முப்பது கிலோ. பெருக்கிப் பாருங்கள், மூட்டைக்கு 759 ரூபாயைச் சர்க்கார் சுமந்தும் 1,700. பக்கத்தில் யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. குடியானவன் என்ன செய்வான்? ஏக்கருக்கு மூன்றேகால் மூட்டை பொட்டாஷ் என்றால் இரண்டாயிரத்துக்கு மேல் கூடுதல் செலவு. யூரியாவை அள்ளிப் போட்டான். கொல்லை பச்சைப் பசேலென்று நின்றது. கிழங்கு பாயிண்டில் நின்றுபோயிற்று.

நானும் அந்த வருஷம் தொண்ணூறாம் நாள் உரத்துக்காக அலைந்தவன்தான். ஊர் பேரெல்லாம் எதற்கு, ஒரு கடையில், "பொட்டாஷ் ஒரு மூட்டை இருக்குது, ஆனா கூடவே இந்த டப்பாவும் வாங்கணும்" என்றார்கள். டப்பாவில் என்ன என்று கேட்டேன். "வாங்கிட்டுப் போங்க, பயிருக்கு நல்லது" என்றார்கள். வாங்கினேன். அந்த டப்பா இன்னும் திறக்கப்படாமல் மாட்டுக்கொட்டகை இறவாணத்தில் இருக்கிறது. லூகஷென்கோவும் ஐரோப்பிய மந்திரிகளும் போட்ட சண்டையில் எனக்குக் கிடைத்த பங்கு அது.

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் இதைச் சொன்னபடியே விட்டுவிட்டால், ஐரோப்பாவின் தடை அநியாயம் என்று நான் சொல்வதாக நீங்கள் கொண்டுவிடுவீர்கள். அலேஸ் பியாலியாட்ஸ்கி என்று ஒருவர். அந்நாட்டுக் கைதிகளின் உரிமைக்காக உழைத்தவர். 2021-ல் தாமே கைதியானார். 2022-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவர் சிறையில் இருக்கும்போதே அறிவிக்கப்பட்டது. 2023-ல் பத்து ஆண்டுத் தண்டனை விதித்தார்கள். அந்த மனிதர் கம்பிக்குள் இருக்க, என் கிழங்கு இரண்டு பாயிண்ட் குறைந்தது என்று முறையிட எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு தேசத்தின் ஜனங்கள் வீதியில் அடிபடும்போது அண்டை வீட்டார் வியாபாரம் ஒன்றே குறியாக இருக்க வேண்டும் என்று எந்த தர்மமும் சொல்லாது.

என் ஆட்சேபம் வேறு. பாதையை அடைத்தீர்கள், சுரங்கம் நின்றதா? ஆரம்பத்தில் தள்ளாடியது; பிறகு உப்பு ருஷ்யத் தண்டவாளத்தில் ஏறிச் சுற்றுவழியாக ருஷ்யத் துறைமுகங்களுக்குப் போயிற்று; ரயிலிலேயே சீனத்துக்கும் போயிற்று. கூலி கிளைப்பெடாவுக்குப் போகாமல் ருஷ்யாவுக்குப் போகிறது. அண்ணன் வீட்டு வாசல் வழியே அன்றி வெளியே போகக் கதியில்லாதவன் அண்ணனுக்கு எதிராகப் பேசுவானா? 2015 முதல் ருஷ்யாவோடும் கசாக்ஸ்தானோடும் கூடி யூரேஷியப் பொருளாதார ஒன்றியத்தில் அங்கத்தினனாயிருக்கும் பெலாரஸ், அதற்கு முன்னெல்லாம் ருஷ்யாவோடு உரத்துக்காகவே மல்லுக்கு நின்றதுண்டு. 2013-ல் கூட்டு விற்பனையை முறித்துக்கொண்ட ருஷ்யப் பொட்டாஷ் நிறுவனத்தின் தலைவரைப் பேச்சுவார்த்தைக்கென்று மின்ஸ்க்குக்கு அழைத்து, திரும்பும் வழியில் விமான நிலையத்தில் கைது செய்த ராஜ்யம் அது! அவ்வளவு முறுக்கு இருந்த இடத்தில் இன்று முறுக்கு இல்லை. கிளைப்பெடா பாதை வெறும் வியாபாரப் பாதை அல்ல. மேற்கே பார்க்க அந்தத் தேசத்துக்கு இருந்த சன்னல். ஒன்றியம் முப்பது ஆண்டுகள் சன்னலை முழுவதும் திறக்கவுமில்லை, மூடவுமில்லை. கடைசியில் மூடியபோது உள்ளே இருந்தவருக்குப் பின்வாசல் பழகிவிட்டது.

மூன்றாவது மனிதனின் சங்கதி ஒன்று உண்டு. தடைச் சட்டம் எழுதிய சபையில் ஐரோப்பியக் குடியானவனுக்குப் பேச மந்திரி இருந்தார். அதனால்தான் அறுபது சதவீதப் பொட்டாஷ் முதலில் தப்பியது. மின்ஸ்க்கில் சுரங்கத் தொழிலாளிக்கு மந்திரி இருந்தாரோ இல்லையோ, சுரங்கத்துக்கு இருந்தார். ஆத்தூரிலும் தலைவாசலிலும் சின்னசேலத்திலும் கிழங்கு நட்டவனுக்கு யார் இருந்தார்?

இப்போது காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் இந்தியாவும் யூரேஷியப் பொருளாதார ஒன்றியமும் சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்துக்கான பேச்சின் வரையறைகளில் மாஸ்கோவில் கையெழுத்திட்டன. அந்த மேஜையில் பெலாரஸும் ஒரு பங்காளி. அதே ஆண்டு டிசம்பரில் பியாலியாட்ஸ்கி உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்ட கைதிகள் விடுதலையானார்கள். பதிலுக்கு அமெரிக்கா பொட்டாஷ் தடையை நீக்குவதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் தன் தடையை விடவில்லை. ஆகவே உலகச் சந்தையில் விற்கலாம். பக்கத்து வரப்பில் மட்டும் வண்டி போகக் கூடாது. விலை 2022-ன் உச்சத்திலிருந்து எவ்வளவோ இறங்கிவிட்டது. அதைப் பார்த்துச் சர்க்காரும் மானியத்தை இறக்கிவிட்டது. 2023–24 ராபியில் மூட்டைக்கு 71 ரூபாய்க்கு வந்து நின்றது. அங்கே இறங்கினால் இங்கே முழுவதும் இறங்குவதில்லை என்பதை நீங்கள் எனக்கு முன்பே கண்டுகொண்டிருப்பீர்கள்.

உள்ளூரில் வழி ஏதும் இல்லையா என்று கேட்பீர்கள். ஒன்று உண்டு. கரும்பு மண்ணிலிருந்து சாம்பல்சத்தை வெகுவாக இழுக்கும் பயிர். ஆலையில் சர்க்கரை போக மிஞ்சும் மொலாசஸில் அந்தச் சத்து தங்குகிறது. அதிலிருந்து சாராயம் வடித்த கழிவை எரித்துச் சாம்பலாக்கினால் நூற்றுக்குப் பதினாலரை பங்கு சத்துள்ள உரம். 2021 அக்டோபரில் அதற்கும் மானியம் உண்டென்று மத்திய சர்க்கார் அறிவித்தது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு ஆலைகள் உள்ள ஜில்லா இது, கரும்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: சிவந்த உப்பு ஒரு மூட்டைக்கு இந்தச் சாம்பல் நான்கு மூட்டைக்கு மேல் சுமக்க வேண்டும். சுமக்கிறவனுக்கு மானியம் உண்டா என்று அந்த அறிவிப்பில் இல்லை.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்வி கேட்க விரும்புவோர் கேட்கலாம். ஆனால் அதற்குள் இந்தச் சாக்கை யாராவது முன்வரிசைக்கு வாங்கிப் பார்த்துவிட்டுத் தவறாமல் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நாளைக் காலை இதில் மக்காச்சோளம் அடைக்க வேண்டும். வீட்டில் கண்டிப்பாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.